பிளேஆஃப் தொடரில் ஹோம் கோர்ட் எவ்வளவு பெறும்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

சொந்த அரங்கில் ஆடுவது நல்லதா என்று கேட்டால், நல்லதுதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ‘இந்தத் தொடரில் ஹோம் கோர்ட் எங்களுக்குத்தான்’ என்று ஒரு ரசிகர் மார்தட்டும்போது அவர் பேசுவது வேறு விஷயம். ஓர் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடுவதால் கிடைக்கும் சாதகம் ஒன்று. ஏழு ஆட்டத் தொடரில் நான்கு நமக்கு, மூன்று அவர்களுக்கு என்று பிரிவதால் கிடைக்கும் சாதகம் இன்னொன்று. முதலாவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. இரண்டாவது, தொலைக்காட்சியில் பேசப்படுவதைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. இரண்டையும் தனித்தனியாக அளப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் பிளேஆஃபை, அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் தொடர்களை, வைத்து விளக்குகிறோம். மற்ற லீக்குகளுக்கும் இதே வழிதான். எண்கள் மட்டும் மாறும்.

தேவைப்படுபவை: இரு அணிகளின் அந்த சீசன் முடிவுகள் (எந்த அரங்கு, எத்தனை புள்ளி வித்தியாசம்), ஒரு கால்குலேட்டர், ஒரு தாள். எக்செல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டாலும் பத்து நிமிட வேலைதான்.

முதலில் அட்டவணையைப் பாருங்கள்

என்பிஏ-வில் எல்லாச் சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு வெல்பவருக்குத் தொடர். சீசனில் கூடுதல் வெற்றி பெற்ற அணிக்கு ஹோம் கோர்ட். அந்த அணி 1, 2, 5, 7 ஆகிய ஆட்டங்களைச் சொந்த அரங்கில் ஆடும். எதிரணிக்கு 3, 4, 6. இதை 2-2-1-1-1 என்பார்கள். இறுதித் தொடர் மட்டும் 1985 முதல் 2013 வரை 2-3-2 முறையில் நடந்தது. 2014 முதல் அதுவும் பழைய முறைக்கே திரும்பிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஆறு ஆட்டங்களில் இரு அணிக்கும் மூன்று மூன்றுதான். சரிசமம். ஹோம் கோர்ட் உள்ள அணிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஏழாவது ஆட்டம் ஒன்று மட்டுமே. அது நடந்தால்தான் அந்தச் சாதகத்துக்கு உயிர். நான்கிலோ ஐந்திலோ ஆறிலோ தொடர் முடிந்துபோனால், யாருக்கு ஹோம் கோர்ட் என்ற கேள்விக்கே இடமில்லை.

‘ஐந்து ஆட்டத்தில் முடிந்தால் ஒருவர் மூன்று முறை சொந்த ஊரில் ஆடியிருப்பாரே, அது சாதகம் இல்லையா?’ என்று கேட்கலாம். முடிவு தெரிந்த பிறகும் மீதி ஆட்டங்களை வெறுமனே ஆடி முடிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலில் நான்கைத் தொட்ட அணிதான் ஏழு ஆட்ட முடிவிலும் நான்கோ அதற்கு மேலோ வென்றிருக்கும். ஆகவே தொடரை யார் வெல்வார் என்பதற்கு வரிசை முக்கியமில்லை. மொத்தத்தில் நான்கு-மூன்று என்ற பிரிவுதான் முக்கியம். ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டால் 2-3-2 ஆனாலும் 2-2-1-1-1 ஆனாலும் வெற்றி வாய்ப்பு ஒன்றே. தொடர் எத்தனை ஆட்டம் நீளும் என்பதுதான் மாறும்.

படி 1: ஓர் ஆட்டத்தில் சொந்த அரங்கு எத்தனை புள்ளி?

லீக் முழுவதற்குமான எண்ணை எடுப்பது எளிது. வழக்கமான சீசனின் எல்லா ஆட்டங்களிலும் சொந்த அணியின் புள்ளியிலிருந்து வந்த அணியின் புள்ளியைக் கழித்துச் சராசரி எடுங்கள். ஒவ்வோர் அணியும் 41 ஆட்டம் உள்ளூரில், 41 வெளியூரில் ஆடுவதால் அணிகளின் பலம் பலவீனம் தானாகவே அடிபட்டுப்போகும். மிஞ்சுவது அரங்கின் சாதகம்.

பல ஆண்டுகளாக இது சுமார் 3 புள்ளியாக இருந்தது. அண்மைக் காலத்தில் 2 முதல் 2.5 வரை இறங்கியிருக்கிறது. வெற்றிக் கணக்கில் சொன்னால், ஒரு காலத்தில் 100 ஆட்டத்தில் 60-ஐச் சொந்த அணி வென்றது. இப்போது 54 முதல் 58 வரை. இந்தக் கட்டுரையில் 2.5 என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்று இடங்களில் கைவைக்க வேண்டும். லாஸ் வேகஸ் போன்ற பொது இடத்திலும் வெளிநாட்டிலும் நடந்த ஆட்டங்களை நீக்கிவிடுங்கள். தாளில் ஓர் அணி ‘ஹோம்’ என்று இருக்கும், உண்மையில் இருவருக்குமே அது வெளியூர். 2020 பிளேஆஃபை முழுவதும் நீக்குங்கள். ஆர்லாண்டோ அருகே டிஸ்னி வளாகத்தில் ரசிகர்கள் இல்லாமல் நடந்தது அது. 2020-21 சீசனையும் தனியாகவே வையுங்கள். பெரும்பாலான அரங்குகள் காலியாகவோ அரைகுறையாகவோ இருந்தன.

அடுத்து எல்லோரும் செய்ய ஆசைப்படுவது: ‘எங்கள் அரங்கு மற்ற அரங்கு மாதிரி இல்லை’ என்று ஓர் அணிக்கு மட்டும் தனி எண் எடுப்பது. எடுக்கலாம். உள்ளூர்ச் சராசரி வித்தியாசத்திலிருந்து வெளியூர்ச் சராசரி வித்தியாசத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் வரும். ஓர் அணி உள்ளூரில் சராசரியாக +9, வெளியூரில் +1 என்றால் அதன் அரங்குச் சாதகம் 4 புள்ளி. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். நம்பாதீர்கள்.

காரணம் இது. ஓர் ஆட்டத்தின் புள்ளி வித்தியாசம் எதிர்பார்ப்பிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், சுமார் 12 புள்ளி. 41 ஆட்டச் சராசரியில் அது 12-ஐ 41-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது கிட்டத்தட்ட 1.9. இரண்டு சராசரிகளைக் கழித்துப் பாதியாக்கினால் பிழை 1.3 புள்ளி. அப்படியென்றால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஓர் அணியின் எண் 2.5-லிருந்து 1.3 மேலேயோ கீழேயோ போவது சாதாரணம், 2.6 விலகுவதுகூட ஆச்சரியமில்லை. 30 அணிகள் உள்ள லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு அணிகள் சும்மாவே ‘யாராலும் வெல்ல முடியாத கோட்டை’ போலத் தோன்றும். அடுத்த ஆண்டு அதே கோட்டை சாதாரண வீடாகிவிடும்.

ஆகவே லீக் சராசரியிலிருந்து அணியின் எண் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதில் கால்பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அணிக்கு 4 அல்ல, 2.5-உடன் 1.5-இன் கால்பங்கு சேர்த்து, சுமார் 2.9. டென்வருக்கும் யூட்டாவுக்கும் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். டென்வர் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, யூட்டா அணியின் ஊரான சால்ட் லேக் சிட்டி 4,000 அடிக்கும் மேலே. மெல்லிய காற்றில் மூச்சு வாங்குவது புள்ளிவிவர மாயை அல்ல. பல ஆண்டுகளாக இந்த இரு இடங்களின் எண்ணும் மற்றவற்றைவிட உயர்ந்தே வந்திருக்கிறது.

படி 2: இரு அணிகளின் பல வித்தியாசம்

வெற்றி-தோல்விக் கணக்கைவிடச் சராசரிப் புள்ளி வித்தியாசம் நம்பகமானது. ஒரு புள்ளியில் தப்பிய வெற்றிகள் அதிகமாக உள்ள அணியின் வெற்றிக் கணக்கு அதன் உண்மைப் பலத்தைவிடப் பெரிதாகத் தெரியும்.

அ அணி சீசன் முழுக்கச் சராசரியாக +6.1, ஆ அணி +2.8 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3.3. சீசன் எண்ணிலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்: 3.0. காயம்பட்டு ஆடாத முக்கிய வீரர்கள் இருந்தால் அதற்குரிய திருத்தத்தை இந்த இடத்தில் செய்ய வேண்டும். அரங்குச் சாதகத்தின் தலையில் அதைக் கட்டக்கூடாது.

இப்போது அ அணியின் சொந்த அரங்கில் எதிர்பார்ப்பு 3.0 + 2.5 = 5.5 புள்ளி. ஆ அணியின் அரங்கில் 3.0 − 2.5 = 0.5.

படி 3: புள்ளியை வெற்றி வாய்ப்பாக மாற்றுதல்

எதிர்பார்க்கும் வித்தியாசத்தை 12-ஆல் வகுத்து, இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்தால் வாய்ப்பு கிடைக்கும். எக்செல்லிலும் அதற்கு ஆயத்தமான சூத்திரம் உண்டு. எதுவும் கையில் இல்லாவிட்டால் கீழே உள்ளது போதும்:

0 புள்ளி – 50%
1 புள்ளி – 53%
2 புள்ளி – 57%
3 புள்ளி – 60%
4 புள்ளி – 63%
5 புள்ளி – 66%
6 புள்ளி – 69%
8 புள்ளி – 75%
10 புள்ளி – 80%

ஒரு புள்ளிக்கு மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் என்று நினைவில் வைத்தால் ஆறு புள்ளி வரை ஏமாற்றாது. நம் உதாரணத்தில் 5.5-க்கு 67.7%, 0.5-க்கு 51.7%. அதாவது இதே அணி, இதே எதிரி, அரங்கு மட்டும் மாறினால் 16 சதவீத வித்தியாசம். ஓர் ஆட்டம் என்ற அளவில் சொந்த அரங்கு பெரிய விஷயம் என்று சொன்னது இதைத்தான்.

படி 4: தொடருக்கு மாற்றுதல்

இதுதான் கணக்கின் மையம். ஹோம் கோர்ட் தரும் கூடுதல் சாதகம் ஏழாவது ஆட்டத்தில் மட்டும் என்று பார்த்தோம். எனவே:

ஹோம் கோர்ட்டின் மதிப்பு = தொடர் 3-3 என்று ஏழாவது ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பு × (உள்ளூர் வெற்றி வாய்ப்பு − வெளியூர் வெற்றி வாய்ப்பு)

இரண்டாவது பகுதி நம்மிடம் இருக்கிறது: 16%. முதல் பகுதிக்கு மூன்று உள்ளூர் ஆட்டங்களையும் மூன்று வெளியூர் ஆட்டங்களையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர் மூன்றில் அ அணி 0, 1, 2, 3 வெற்றி பெறும் வாய்ப்புகள் முறையே 3.4, 21.2, 44.4, 31.0 சதவீதம். வெளியூர் மூன்றில் 11.3, 36.2, 38.7, 13.8. மொத்தம் மூன்று வெற்றி வரும் சேர்க்கைகள் நான்கு: உள்ளூரில் 0 வெளியூரில் 3, அடுத்து 1-2, 2-1, 3-0. ஒவ்வொரு ஜோடியையும் பெருக்கிக் கூட்டினால் 0.5 + 8.2 + 16.1 + 3.5, சுமார் 28%.

28%-ஐ 16%-ஆல் பெருக்கினால் 4.5%. அவ்வளவுதான். முழுக் கணக்குப் போட்டாலும் இதேதான் வரும்: ஹோம் கோர்ட் இருந்தால் அ அணி தொடரை வெல்ல 72.9%, ஹோம் கோர்ட் ஆ அணியிடம் இருந்தால் 68.4%. மூன்று புள்ளி பலமான அணி என்பதுதான் 50-லிருந்து 70 பக்கம் கொண்டுவந்தது. அரங்கு அதன் மேல் இரண்டேகால் அங்குமிங்கும் தள்ளியது.

சரிசமமான அணிகளுக்கு இந்த மதிப்பு உச்சத்தில் இருக்கும். உள்ளூர் வெற்றி வாய்ப்பு 58%, வெளியூரில் 42% என்றால் 3-3 ஆகும் வாய்ப்பு 32% பக்கம். ஹோம் கோர்ட் உள்ள அணிக்கு 52.5%, இல்லாத அணிக்கு 47.5%. எட்டுப் புள்ளி பலமான அணிக்கு ஏழாவது ஆட்டம் வருவதே 14% என்பதால் ஹோம் கோர்ட்டின் மதிப்பு 2%-க்கும் கீழே விழுந்துவிடும். முதல் இடத்து அணி எட்டாவது இடத்து அணியை எதிர்கொள்ளும் முதல் சுற்றில் ‘ஹோம் கோர்ட் கைகொடுத்தது’ என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் பலத்தைப் பார்த்துவிட்டு அரங்கைப் புகழ்கிறார்கள்.

தொடர் குறுகினால் நிலைமை தலைகீழ். அதே 58% வைத்துப் பாருங்கள்: ஒற்றை ஆட்டம் என்றால் 58%, மூன்று ஆட்டத் தொடரில் 54.1%, ஐந்தில் 53.1%, ஏழில் 52.5%. என்பிஏ-வில் ஹோம் கோர்ட் உண்மையில் உறைக்கும் இடம் பிளே-இன் ஆட்டம்தான், அதாவது பிளேஆஃபின் கடைசி இடங்களுக்காக நடக்கும் ஒற்றை ஆட்டம். அங்கே யார் வீட்டில் என்பது நேரடியாக 16% வித்தியாசம். முதல் சுற்று 2002 வரை ஐந்து ஆட்டத் தொடராக இருந்தது, 2003-இல் ஏழாக்கினார்கள். பலமான அணி தப்பிக்க அது உதவியது, அரங்கின் பங்கு கொஞ்சம் குறைந்தது.

படி 5: தொடர் நடக்கும்போது திருத்துவது

இங்கேதான் பழமொழி போல உலவும் இரண்டு வாசகங்களைச் சோதிக்கலாம். எல்லாமே சரிசம அணிகளுக்கு, 58-42 கணக்கில்.

முதல் வாசகம்: ‘வெளியூர் அணி ஓர் ஆட்டம் ஜெயிக்கும் வரை தொடரே தொடங்கவில்லை.’ ஹோம் கோர்ட் உள்ள அணி முதல் இரண்டையும் வென்று 2-0 ஆனால் அதன் வாய்ப்பு 52.5-லிருந்து 79.6%-க்கு ஏறிவிடுகிறது. செய்ய வேண்டியதைத்தானே செய்தார்கள் என்று தோன்றலாம்; ஆனால் தேவைப்படும் நான்கில் இரண்டு பையில் விழுந்துவிட்டது. உண்மை வரலாற்றில் 2-0 முன்னிலை பெற்ற அணிகள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட தொடர்களை வென்றிருக்கின்றன. முன்னிலை பெறும் அணி வழக்கமாகப் பலமானதாகவும் இருப்பதால் 79.6-ஐவிட அது கூடுதல்.

இரண்டாவது: ‘வெளியூரில் ஒன்றைப் பறித்தால் போதும்.’ இது பாதி உண்மை. 1-1 ஆனதும் மீதி ஐந்து ஆட்டங்களில் மூன்று பறித்த அணியின் ஊரில். இனி அது ஐந்து ஆட்டத் தொடர், ஹோம் கோர்ட் கைமாறிவிட்டது. பறித்த அணிக்கு 53.1%, பறிகொடுத்த அணிக்கு 46.9%. முன்னேற்றம்தான், ஆனால் தொடர் இன்னும் நாணயச் சுண்டல் மாதிரிதான் இருக்கிறது. முதல் ஆட்டத்தை மட்டும் தோற்ற நிலையில் ஹோம் கோர்ட் அணி 34.1%-க்கு விழுவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள், இரண்டாவதை வென்றதும் 46.9-க்கு வந்துவிடுவதைக் கவனிப்பதில்லை. இரண்டையும் தோற்றால் 16.4%, அது வேறு கதை.

2-2 என்றால் ஹோம் கோர்ட் அணிக்கு 54.1%. தொடர் ஆரம்பித்தபோது இருந்ததைவிட அதிகம். நான்கு ஆட்டங்கள் எப்படிப் பிரிந்தன என்பது முக்கியமில்லை. மீதி மூன்றில் இரண்டு சொந்த ஊரில். 3-2 என்று முன்னிலையில் ஆறாவது ஆட்டத்துக்கு வெளியூர் போனால் 75.6%.

இந்த எண்களை உங்கள் அணியின் பல வித்தியாசத்துக்கு ஏற்ப மாற்ற, படி 3-இல் கிடைத்த இரு வாய்ப்புகளையும் வைத்து ஏழாவது ஆட்டத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். 3-3 நிலையின் வாய்ப்பு ஏழாவது ஆட்டத்தின் வாய்ப்பே. 3-2-இன் வாய்ப்பு: ஆறாவதை வெல்லும் வாய்ப்பு, அதோடு தோற்றுப் பிறகு ஏழாவதை வெல்லும் வாய்ப்பு. இப்படியே 0-0 வரை. எக்செல்லில் பதினாறு கட்டங்கள்; ஒருமுறை செய்து வைத்தால் ஒவ்வொரு சீசனுக்கும் உதவும்.

எங்கே தவறு நடக்கிறது

மிகப் பெரிய தவறு: ‘ஹோம் கோர்ட் உள்ள அணிகள் முக்கால்வாசித் தொடர்களை வெல்கின்றன, ஆகவே ஹோம் கோர்ட் முக்கியம்’ என்பது. அவர்களுக்கு ஹோம் கோர்ட் கிடைத்ததே சீசனில் அதிகம் வென்றதால்தான். பலத்தையும் அரங்கையும் பிரிக்காமல் எடுத்த எந்த எண்ணும் இந்த விவாதத்தில் செல்லாது.

இதற்கு அடுத்தது, பிளேஆஃப் ஆட்டங்களில் சொந்த அணிகளின் வெற்றி சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. அது சீசன் சதவீதத்தைவிட வழக்கமாக அதிகமாகத் தெரியும். ‘பிளேஆஃபில் கூட்டத்தின் வெறி வேறு லெவல்’ என்று விளக்கமும் தயாராக இருக்கும். ஆனால் ஐந்து ஆட்டங்களில் முடியும் தொடர்களைப் பாருங்கள். 1, 2, 5 எல்லாம் பலமான அணியின் ஊரில். பலமான அணி அதிக ஆட்டங்களை வீட்டில் ஆடும்போது வீட்டு வெற்றி ஏறத்தான் செய்யும். சரியாக அளக்க வேண்டுமென்றால் ஒரே தொடருக்குள் ஒப்பிடுங்கள்: அதே இரு அணிகள், உள்ளூரில் சராசரி வித்தியாசம், வெளியூரில் சராசரி வித்தியாசம், கழித்துப் பாதி. ஒரு பிளேஆஃபில் 15 தொடர்கள்தான். பல ஆண்டுகளைச் சேர்த்தால்தான் எண் நிலைக்கு வரும்.

ஏழாவது ஆட்டப் பெருமையும் இப்படித்தான். இறுதித் தொடர் இதுவரை 20 முறை ஏழாவது ஆட்டத்துக்குப் போயிருக்கிறது (2025 வரை). 16 முறை சொந்த அணி வென்றது. வெளியூரில் போய்க் கோப்பையைத் தூக்கியவை 1969-இலும் 1974-இலும் பாஸ்டன் செல்டிக்ஸ், 1978-இல் வாஷிங்டன் புல்லட்ஸ், 2016-இல் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ். 80% என்பது கவர்ச்சியான எண். ஆனால் 20 ஆட்டம் மிகச் சிறிய கூட்டம், அதிலும் சொந்த அணி பெரும்பாலும் பலமான அணி. அடுத்த ஏழாவது ஆட்டத்துக்கு 80 என்று போடாதீர்கள். படி 3-இல் வந்த எண்ணைப் போடுங்கள்.

ஒற்றைத் தொடரைக் காட்டி எந்தப் பக்கமும் வாதாடலாம். 2008-இல் செல்டிக்ஸ் 66 ஆட்டம் வென்ற அணி. முதல் சுற்றில் வெறும் 37 வென்ற அட்லாண்டா ஹாக்ஸிடம் அட்லாண்டாவில் ஆடிய மூன்றையும் தோற்றார்கள், பாஸ்டனில் நான்கையும் வென்றார்கள். அடுத்த சுற்றில் கிளீவ்லேண்டுடனும் அதே கதை, ஏழிலும் சொந்த அணியே வென்றது. கடைசியில் கோப்பை செல்டிக்ஸுக்கே. அரங்கே எல்லாம் என்பவர்களுக்கு இது வேதம். 2021 முதல் சுற்றில் கிளிப்பர்ஸும் டாலஸ் மேவரிக்ஸும் மோதியபோது முதல் ஆறு ஆட்டத்தையும் வெளியூர் அணியே வென்றது. ஏழாவதை மட்டும் கிளிப்பர்ஸ் வீட்டில் வென்றார்கள். 58-42 கணக்கில் அப்படி ஆறு வருவது 180 தொடருக்கு ஒன்று. நூற்றுக்கணக்கான தொடர்கள் நடந்த லீக்கில் இரண்டு வகையும் வரத்தான் வேண்டும். வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

1995 ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ஆறாவது இடத்திலிருந்து வந்து, நான்கு சுற்றிலும் ஹோம் கோர்ட் இல்லாமலே கோப்பை வென்றார்கள். 2025-இல் இண்டியானா பேசர்ஸ் கிளீவ்லேண்டிலும் நியூயார்க்கிலும் முதல் இரண்டு ஆட்டங்களை வென்று இறுதி வரை போனார்கள். ஏழாவது ஆட்டத்தை ஓக்லஹோமா சிட்டியில் தோற்றார்கள். ஹோம் கோர்ட் இல்லாத அணி சுற்றுக்குச் சுற்று இழப்பது சுமார் 4.5% மட்டுமே என்று ஏற்றுக்கொண்டால் இந்த ஓட்டங்கள் அதிசயமாகத் தெரியாது. ராக்கெட்ஸின் பலம் சீசன் கணக்கு காட்டியதைவிட அதிகமாக இருந்தது, அவ்வளவே. சீசன் நடுவில் கிளைட் டிரெக்ஸ்லரை வாங்கியிருந்தார்கள்.

சாதகம் எங்கிருந்து வருகிறது, பிளேஆஃபில் எது மிஞ்சும்

இதைத் தெரிந்துவைத்தால் 2.5 என்ற எண்ணை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று புரியும்.

ஓய்வும் பயணமும் முதலில். வழக்கமான சீசனில் அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம் வருவதுண்டு. ஊர் ஊராகச் சுற்றிக் களைத்த அணி, வீட்டில் தூங்கி எழுந்த அணியிடம் மாட்டுவது வழக்கம். சீசன் எண்ணில் இந்தக் களைப்பும் கலந்திருக்கிறது. பிளேஆஃபில் இரு அணியும் ஒரே விமானப் பாதையில், ஒரே இடைவெளியில் ஆடுகின்றன. ஆகவே இந்தப் பங்கு பெரிதும் காணாமல் போகும்.

கூட்டத்தின் சத்தம் வீரரின் கையை நடுங்க வைக்கிறதா? ஃப்ரீ த்ரோவை, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதலை, பாருங்கள். கூடைக்குப் பின்னால் பலூனையும் கையையும் ஆட்டி ஆர்ப்பாட்டம் செய்தாலும், வெளியூர் அணிகளின் ஃப்ரீ த்ரோ சதவீதம் உள்ளூர் அணிகளின் சதவீதத்திலிருந்து கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. எறிபவரை அசைக்க முடியாத கூட்டம், விசில் ஊதுபவரைக் கொஞ்சம் அசைக்கிறது என்பதற்கு ஆதாரம் அதிகம்: சொந்த அணிக்கு ஃபவுல் கணக்கிலும் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையிலும் சிறிய கூடுதல் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. ரீப்ளேயும் பயிற்சியாளரின் முறையீடும் வந்த பிறகு அது சுருங்கியிருக்க வேண்டும். அரங்குச் சாதகம் பொதுவாகக் குறைந்துவந்ததற்கு இதுவும் மூன்று புள்ளி எறிதல்கள் பெருகியதும் காரணங்களாகப் பேசப்படுகின்றன.

ஒரே அரங்கை இரண்டு அணிகள் பகிர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. 1999 முதல் 2024 வரை லேக்கர்ஸும் கிளிப்பர்ஸும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே கட்டடத்தில் ஆடினார்கள். அவர்கள் மோதும்போது பயணம் இல்லை, கூடை பழக்கம் இருவருக்கும் ஒன்று. மாறியது டிக்கெட் வைத்திருப்பவர் யார் என்பது மட்டும். பிளேஆஃபில் இருவரும் மோதியதே இல்லை என்பது ஆராய்ச்சிக்கு இழப்பு.

இவற்றைக் கூட்டிக் கழித்தால், பிளேஆஃபுக்கு 2 முதல் 3 வரை எந்த எண்ணையும் நியாயமாக வைக்கலாம். பயணக் களைப்பு குறைவது கீழே இழுக்கும், நிறைந்த அரங்கு மேலே தள்ளும். எதை வைத்தாலும் தொடரை வெல்லும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம்தான் மாறும். எந்த எண் சரி என்று இரவெல்லாம் வாதாட வேண்டியதில்லை.

ஹோம் கோர்ட்டுக்காக எவ்வளவு விலை கொடுக்கலாம்

சீசனின் கடைசி வாரத்தில் பயிற்சியாளர்களை உறுத்தும் கேள்வி இதுதான்: முக்கிய வீரருக்கு ஓய்வு கொடுத்தால் ஹோம் கோர்ட் போய்விடலாம், ஆட வைத்தால் காயம் வரலாம்.

ஏழு ஆட்டத்தில் ஒன்று வெளியூரிலிருந்து உள்ளூருக்கு மாறுவது 5 புள்ளி நகர்வு (−2.5-லிருந்து +2.5-க்கு). ஏழால் வகுத்தால் ஆட்டத்துக்கு 0.7 புள்ளி. ஹோம் கோர்ட் பெறுவதும், அணி ஆட்டத்துக்கு 0.7 புள்ளி பலப்படுவதும் ஒன்றே. இப்போது வீரரின் பக்கம் பாருங்கள். அவர் இல்லாவிட்டால் அணி ஆட்டத்துக்கு 6 புள்ளி பலவீனம் என்றால், தொடரில் ஒரே ஓர் ஆட்டம் அவர் வெளியே உட்கார்ந்தாலும் 6-ஐ ஏழால் வகுத்து 0.86. ஹோம் கோர்ட் முழுவதையும்விட அது அதிகம். தொடர் முழுக்க உட்கார்ந்தால் எட்டு மடங்குக்கும் மேல்.

ஆகவே இரண்டு வாய்ப்புகளை எழுதிப் பெருக்குங்கள். ஓய்வு கொடுத்தால் ஹோம் கோர்ட் போகும் வாய்ப்பு 30% என்றால் இழப்பு 0.3 × 0.7 = 0.21 புள்ளி, அதுவும் ஹோம் கோர்ட்டுக்காக உங்களோடு போட்டியிடும் அணியையே சந்திக்கும் சுற்றில் மட்டும். ஆட வைத்தால், தொடர் முழுவதும் வெளியே உட்கார வைக்கும் காயத்தின் வாய்ப்பு 3% என்றால் இழப்பு 0.03 × 6 = 0.18 புள்ளி, அது எல்லாச் சுற்றுக்கும் தொடரும். கிட்டத்தட்ட சமம் என்று தோன்றினால் ஓய்வின் பக்கம் சாயுங்கள். ஏற்கெனவே முழங்காலோ கணுக்காலோ வலிக்கும் வீரர் என்றால் கணக்கே தேவையில்லை. மாறாக, ஹோம் கோர்ட்டோடு சேர்த்து எதிரணியே மாறும் நிலை என்றால், உதாரணமாக ஐந்தாவது இடத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏறினால் முதல் சுற்றில் 2 புள்ளி பலவீனமான எதிரி கிடைப்பார் என்றால், அந்த 2 புள்ளியைத்தான் முதலில் எடைபோட வேண்டும், அரங்கின் 0.7 அதற்குப் பிறகுதான் வரும்.